தங்கைக்கு ஓஎம்ஆர் பக்கம் இன்ஜினியரிங் சீட்: ஹாஸ்டல், சான்றிதழ், பணம் பற்றி யாரிடம் கேட்டால் ஒழுங்காகப் பதில் வரும்?

அம்பத்தூர்_அண்ணன்

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் அவசரம், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தங்கைக்கு டிஎன்இஏ (தமிழ்நாடு பொறியியல் சேர்க்கை) கலந்தாய்வில் இரண்டாவது சுற்றில் சென்னை ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கம் ஒரு சுயநிதிக் கல்லூரியில் இசிஇ (எலக்ட்ரானிக்ஸ்) பிரிவில் தற்காலிக ஒதுக்கீடு வந்திருக்கிறது. கட்ஆஃப் 161. நாளை மாலை ஐந்து மணிக்குள் உறுதி செய்ய வேண்டும். ஊர் அறந்தாங்கிப் பக்கம் ஒரு கிராமம். அப்பா, அம்மாவுக்குச் சென்னை தெரியாது. நான் ஐடிஐ முடித்துவிட்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் சிஎன்சி ஆபரேட்டராக இருக்கிறேன், நான்கு பசங்க சேர்ந்து ஒரே ரூம், அங்கே அவளை வைத்துக்கொள்ள வழியே இல்லை. அதனால் எங்கே தங்குவாள் என்பது தெரியாமல் சீட்டை உறுதி செய்யவே எனக்குப் பயமாக இருக்கிறது.

கல்லூரிக்குப் போன் செய்தால் அட்மிஷன் ஆபீஸில் "முதலில் சேருங்க சார், ஹாஸ்டல் எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்கிறார்கள். ஹாஸ்டல் நம்பர் ரிங் போகிறது, யாரும் எடுப்பதில்லை. இதற்கு நடுவில் நேற்று ஒருவர் அவராகவே கூப்பிட்டார். தங்கை பெயர், மார்க் எல்லாம் சரியாகச் சொல்லி, இன்றைக்குள் 15 ஆயிரம் ஜிபே செய்தால் ஹாஸ்டல் ரூம் பிளாக் செய்து தருகிறேன், இல்லையென்றால் பெண்கள் ஹாஸ்டல் நிரம்பிவிடும் என்கிறார். அனுப்பலாமா?

இன்னும் சில கேள்விகள். இதைவிட மேலே உள்ள விருப்பம் கிடைக்குமா என்று பார்க்க அப்வேர்டு கொடுத்தால், இங்கே கட்டுகிற பணம் என்ன ஆகும்? அவள் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தாள். 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்தால் ஹாஸ்டல் செலவையும் அரசே கட்டும் என்று ஊரில் ஒருவர் சொல்கிறார், எங்களுக்கு அது உண்டா? அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டால் நாளைக்கு வேறு இடம் போக முடியுமா? எங்கள் வீட்டில் யாரும் காலேஜ் வாசலை மிதித்ததில்லை, அதனால் சின்னக் கேள்வியாக இருந்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தென்காசி_பொண்ணு

அண்ணா, முதல் வேலை, அந்த ஜிபே நம்பருக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீங்க. கலந்தாய்வு நேரத்தில் மாணவர்களின் பெயர், மார்க், போன் நம்பர் எல்லாம் புரோக்கர்கள் கையில் சுற்றும், அவர் சரியாகச் சொன்னார் என்பதற்காகக் கல்லூரி ஆள் என்று அர்த்தம் இல்லை. ஹாஸ்டல் பணம் என்றால் கல்லூரி அல்லது அதன் டிரஸ்ட் பெயரில் இருக்கும் வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும், ரசீது வர வேண்டும். தனி ஆள் பெயரில் பணம் கேட்டால் அதோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். வாட்ஸப்பில் "ஃபர்ஸ்ட் இயர் 2025 அஃபிஷியல்" மாதிரி பெயரில் வரும் குரூப்களிலும் இதே ஆட்கள் இருப்பார்கள்.

நானும் ஓஎம்ஆர் பக்கம்தான், மூன்றாம் வருடம், முதல் வருடத்திலிருந்து கல்லூரி ஹாஸ்டல். போனில் பதில் கிடைக்காது என்பது உண்மை, ஜூலை, ஆகஸ்டில் அந்த ஆபீஸில் போன் அடித்துக்கொண்டேதான் இருக்கும். நீங்கள் சென்னையிலேயே இருக்கிறீர்கள், அதுதான் உங்களுக்குப் பெரிய வசதி. நாளைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு நேரில் போங்க. காலையில் போகாமல் பன்னிரண்டரை, ஒரு மணி வாக்கில் பெண்கள் ஹாஸ்டல் மெஸ் பக்கம் போய் நில்லுங்க. உள்ளே விடமாட்டார்கள், பரவாயில்லை, சாப்பிட்டுவிட்டு வெளியே வரும் பெண்களிடம் "தங்கச்சி சேரப்போகிறாள், எப்படிம்மா இருக்கு" என்று கேட்டால் பத்து நிமிஷத்தில் எல்லாம் வந்துவிடும். சாப்பாடு எப்படி என்று கேட்டால் எல்லா ஹாஸ்டலிலும் ஒரே பதில்தான் வரும், அதில் நேரத்தை வீணாக்காதீங்க. காலை ஏழு மணிக்கு மூன்றாவது மாடியில் குழாயில் தண்ணீர் வருமா, வெயில் காலத்தில் லாரித் தண்ணீரா, ராத்திரி காய்ச்சல் வந்தால் யார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார்கள், வண்டி இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு ரூமுக்கு எத்தனை பேர் என்றும் கேளுங்கள், ஏனென்றால் நான்கு கட்டில் போடும் ரூமில் முதல் வருடத்துக்கு மட்டும் ஆறு போடுகிற இடங்கள் உண்டு.

இன்னொன்று யாரும் கேட்கத் தோன்றாத விஷயம்: ஹாஸ்டல் கேம்பஸுக்குள்ளேயே இருக்கிறதா, இல்லை வெளியே ஒரு அபார்ட்மெண்டை வாடகைக்கு எடுத்து பஸ்ஸில் கூட்டிவருகிறார்களா? இரண்டுக்கும் ஒரே கட்டணம் வாங்குவார்கள். வெளியே என்றால் சாயங்காலம் லைப்ரரி, லேப் எதற்கும் இருக்க முடியாது, பஸ் கிளம்பிவிடும்.

அப்புறம் சேரும் நாளில் உங்கள் ஆதார் நகலும் இரண்டு போட்டோவும் கையில் இருக்கட்டும். லோக்கல் கார்டியன் என்று உங்கள் பெயரைப் பதிவு செய்யாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வந்து நின்றாலும் அவுட்பாஸ் தரமாட்டார்கள், கூடப் பிறந்த அண்ணன் என்று சொன்னாலும் வார்டன் கேட்கமாட்டார். என் ரூம்மேட் ஒருத்திக்கு பெரியப்பா மகன் வந்து கேட்டில் சாயங்காலம் வரை உட்கார்ந்துவிட்டுத் திரும்பிப் போனார், அவள் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டே நின்றாள்.

ராகிங் பயம் இருந்தால்: சேரும்போதே ஆன்லைனில் ராகிங் எதிர்ப்பு உறுதிமொழி ஒன்று நிரப்பச் சொல்வார்கள், எல்லாக் கல்லூரியிலும் கட்டாயம். யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) உதவி எண் 1800-180-5522, ராத்திரியிலும் எடுப்பார்கள். அதைத் தங்கச்சி போனில் சேவ் செய்து கொடுத்துவிடுங்கள்.

பழைய_சூப்பிரண்டு

தம்பி, நான் ஒரு கல்லூரி அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். அட்மிஷன் மேஜைக்கு வரும் குடும்பங்களை வருஷக்கணக்கில் பார்த்திருக்கிறேன். உங்கள் கேள்விகள் எதுவும் சின்னக் கேள்வி இல்லை. ஆனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கேட்கிறீர்கள், அதனால்தான் பதில் வரவில்லை. சீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியது தொழில்நுட்பக் கல்வி இயக்ககமும் டிஎஃப்சி என்கிற கலந்தாய்வு உதவி மையமும். ஹாஸ்டலைப் பற்றிச் சொல்ல வேண்டியது வார்டன் அலுவலகம். உதவித்தொகைக்குக் கல்லூரியிலேயே தனியாக ஓர் ஆள் இருப்பார். அட்மிஷன் மேஜையில் உட்கார்ந்திருப்பவருக்குச் சீட்டை நிரப்புவது மட்டும்தான் வேலை, மற்றதற்கெல்லாம் அவர் "பார்த்துக்கலாம்" என்றுதான் சொல்வார்.

நாளைக்கு என்ன அழுத்துவது என்பதைப் பார்ப்போம். "அக்செப்ட் அண்ட் ஜாயின்" கொடுத்தால் ஒதுக்கீட்டு ஆணை வந்ததும் அதில் போட்டிருக்கும் கெடுவுக்குள் நேரே கல்லூரிக்குப் போய்க் கட்டணம் கட்டிச் சேர வேண்டும். "அக்செப்ட் அண்ட் அப்வேர்டு" கொடுத்தால் கல்லூரியில் கட்டக்கூடாது, டிஎஃப்சியில் கட்ட வேண்டும். மேல் விருப்பம் கிடைத்தால் புதிய கல்லூரிக்குப் போவீர்கள், கிடைக்காவிட்டால் இதே இடம் உங்களுக்கு இருக்கும். கவனியுங்கள், அப்வேர்டில் உங்கள் பட்டியலில் இதற்கு மேலே எழுதியவை மட்டும்தான் வரும், கீழே எழுதியது எதுவும் வராது. மேலே எழுதியவை எல்லாம் சென்னைக்கு வெளியே என்றால் ஹாஸ்டல் கதை அடியோடு மாறும். ஆகவே அப்வேர்டு கொடுப்பதானால் முடிவு வரும் வரை எந்த ஹாஸ்டலுக்கும், எந்தப் பிஜிக்கும் (தனியார் தங்குமிடம்) முன்பணம் கொடுக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் 1800-425-0110, அது டிஎன்இஏ உதவி எண். அதைவிட டிஎஃப்சிக்கு நேரில் போவது நல்லது, அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் அரசுக் கல்லூரி, பாலிடெக்னிக் ஆசிரியர்கள், பொறுமையாகச் சொல்வார்கள், எந்தக் கல்லூரிக்கும் ஆள் பிடிக்கும் தேவை அவர்களுக்கு இல்லை.

7.5 சதவீதம் உங்கள் தங்கைக்குக் கிடையாது. அது அரசுப் பள்ளி மாணவர்களுக்கு, அரசு உதவி பெறும் பள்ளிக்கு இல்லை. ஊர்க்காரர் சொன்னதில் பாதி சரி, அந்த ஒதுக்கீட்டில் வருபவர்களுக்குப் படிப்புக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசு ஏற்கிறது, ஆனால் நீங்கள் அந்த வரிசையில் இல்லை. அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். முதல் பட்டதாரிச் சலுகை உண்டு, ஆனால் அது டியூஷன் ஃபீஸுக்கு மட்டும், ஹாஸ்டலுக்குச் சேராது. உங்களுக்கு ஐடிஐதான் என்பதால் அதில் சிக்கல் இல்லை, தாத்தா பாட்டி வரை யாரும் பட்டதாரி இல்லை என்று வருவாய்த் துறை சான்றிதழ் தர வேண்டும், இ-சேவையில் விண்ணப்பித்திருந்தால் விஏஓவிடம் நிலுவையில் நிற்கிறதா என்று இன்றே அப்பாவைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அசல் சான்றிதழ்: சரிபார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும், கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது. யுஜிசி 2018இல் இதைத் தெளிவாக அறிவித்திருக்கிறது, தொழில்நுட்பக் கல்விக்கான ஏஐசிடிஇயும் அதையேதான் சொல்கிறது. டிசி மட்டும் கல்லூரியில் இருக்கும், அது வழக்கம். கொடுப்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள், எதைக் கொடுத்தாலும் பட்டியல் போட்டு ஒப்புகைக் கையெழுத்து வாங்குங்கள். அதே 2018 அறிவிப்பில் பணம் திருப்பித் தருவதற்கும் அட்டவணை இருக்கிறது. சேர்க்கைக்கான கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு முன்போ விலகினால் 100 சதவீதம், அந்த 15 நாளுக்குள் என்றால் 90, தேதி தாண்டி 15 நாள் வரை 80, அதிலிருந்து 30 நாள் வரை 50, அப்புறம் ஒன்றும் இல்லை. ஹாஸ்டல் பணத்தையும் இதே கணக்கில் தருவார்களா என்பதை வார்டன் அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள். நடைமுறையில் சண்டை வருவது அங்கேதான்.

வாயால் சொன்ன பதில் நிற்காது தம்பி. எழுத்தில் வாங்க ஒரு நல்ல வழி இருக்கிறது. கல்விக் கடனுக்கு வேண்டும் என்று சொல்லி, நான்கு வருடக் கட்டண விவரத்தை ஹாஸ்டல், மெஸ்ஸோடு சேர்த்து லெட்டர்பேடில் கையெழுத்து, முத்திரையோடு கேளுங்கள். வங்கிக்கு அது தேவை என்பதால் எந்தக் கல்லூரியும் மறுப்பதில்லை. கடன் வாங்குகிறீர்களோ இல்லையோ, இரண்டாம் வருடம் திடீரென்று ஹாஸ்டல் கட்டணம் ஏறினால் கேட்க உங்கள் கையில் ஒரு தாள் இருக்கும். கடன் உண்மையிலேயே வேண்டுமென்றால் வித்யாலட்சுமி போர்ட்டலில் விண்ணப்பியுங்கள், 4 லட்சம் வரை நம் பங்கு என்று எதுவும் போட வேண்டியதில்லை, 7.5 லட்சம் வரை சொத்து ஜாமீன் கேட்கக் கூடாது. விடுதிச் செலவும் அந்தக் கடனுக்குள் வரும்.

அம்பத்தூர்_அண்ணன்

ரொம்ப நன்றி ஐயா, நன்றிம்மா. அந்த ஜிபே ஆளிடம் கல்லூரிக் கணக்கு எண் கேட்டேன், போனை வைத்துவிட்டார்.

இன்று மதியம் நேரில் போனேன். மெஸ் பக்கம் நின்று கேட்டதில் தண்ணீர் பரவாயில்லை, ஹாஸ்டல் உள்ளேயேதான், ஆஸ்பத்திரிக்கு வேன் இருக்கிறது. வார்டன் ஆபீஸ் மேடமும் நன்றாகவே பேசினார். சீட் உறுதியான ஒதுக்கீட்டு ஆணையோடு வந்தால்தான் ரூம், யார் முதலில் பணம் கட்டுகிறார்களோ அவர்களுக்கு என்றார். பிரச்சினை என்னவென்றால் ஒரு வருடத்துக்கான ஹாஸ்டல் பணத்தை மொத்தமாகக் கட்ட வேண்டும், தவணை கிடையாது. சோழிங்கநல்லூரில் ஒரு பிஜியில் நான்கு பேர் ரூம், சாப்பாட்டோடு மாதம் 7500 என்கிறார்கள், மாதாமாதம் என்றால் என் சம்பளத்தில் சமாளித்துவிடுவேன். அம்மா என்ன சொல்கிறார் என்றால், அம்பத்தூரிலேயே எனக்குப் பக்கத்தில் ஒரு லேடீஸ் ஹாஸ்டல் பார்த்துவிடு, தினமும் போய் வரட்டும் என்கிறார். எது சரி?

காரப்பாக்கம்_வாசி

பிரதர், அம்மாவின் மனசு புரிகிறது, ஆனால் அம்பத்தூரிலிருந்து ஓஎம்ஆர் தினமும் போய் வருவது முதல் வருடப் பெண்ணால் முடியாது. ரயில் மாறி, பஸ் மாறி ஒரு பக்கமே இரண்டு மணி நேரம் ஆகும். ஓஎம்ஆரில் மெட்ரோ வேலை வேறு நடக்கிறது, சாயங்காலம் சிக்கினால் அவ்வளவுதான். சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பது நல்ல விஷயம், காசு மிச்சம், ஆனால் நேரம் போய்விடுமே.

நான் இந்தப் பகுதியில் மூன்று பிஜி மாறியவள், ஐடி வேலை. பிஜி பார்க்கப் போகும்போது ரூமைப் பார்க்கிற எல்லோரும் கட்டில், பீரோ, வைஃபை பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். நீங்கள் முதலில் லைசென்ஸ் கேளுங்கள். தமிழ்நாட்டில் 2014இலேயே பெண்கள், குழந்தைகள் தங்கும் விடுதிகளை ஒழுங்குபடுத்தும் சட்டம் வந்துவிட்டது, பெண்கள் ஹாஸ்டல் நடத்துபவர்கள் பதிவு செய்து உரிமம் வாங்கியிருக்க வேண்டும். ஃபிரேம் போட்டு மாட்டியிருந்தால் தேதியைப் படியுங்கள், காலாவதி ஆனதும் தொங்கும். "அப்ளை பண்ணியிருக்கோம்" என்றால் அடுத்த இடம் பாருங்கள். சமூக நலத்துறை மாவட்ட அலுவலகத்தில் கேட்டாலும் பதிவு உள்ளதா என்று தெரியும்.

அப்புறம் மழை. வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், சோழிங்கநல்லூர் எல்லாமே சதுப்பு நிலத்தை ஒட்டிய ஏரியா. 2015இலும் சரி, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சரி, இங்கே பல தெருக்களில் ஆட்களைப் படகில் எடுத்தார்கள். தரைத்தளம் வேண்டவே வேண்டாம். உள்ளே போகும்போது காம்பவுண்டுச் சுவரின் உள்பக்கத்தையும் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் சுவரையும் பாருங்கள். புது பெயிண்ட் அடித்திருந்தாலும் முழங்கால் உயரத்தில் பழுப்பாக ஒரு கோடு தெரியும், இல்லாவிட்டால் அந்த உயரத்துக்குக் கீழே மட்டும் பூச்சு உப்பி உதிர்ந்திருக்கும். ஈபி மீட்டர் பெட்டி எந்த உயரத்தில் இருக்கிறது, மோட்டார் எங்கே என்றும் பாருங்கள். மீட்டர் தண்ணீரில் மூழ்கினால் கரண்ட்டை நிறுத்திவிடுவார்கள், மோட்டார் ஓடாது, மேல் மாடியில் இருப்பவர்களுக்கும் குடிக்கத் தண்ணீர் இருக்காது. நான் அப்போது இருந்த பிஜியில் வார்டனே சொந்த ஊருக்குக் கிளம்பிவிட்டார், நாங்கள் பெண்களாகவே பிஸ்கட்டையும் தண்ணீர் கேனையும் பங்கு போட்டுக்கொண்டு இருந்தோம். எங்களுக்குச் சம்பளம், ஆபீஸ், நண்பர்கள் என்று ஏதோ ஒரு பிடி இருந்தது. ஊரிலிருந்து புதிதாக வந்த பதினேழு, பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு அந்த நிலைமை வேண்டாம்.

7500 என்பதும் 7500 இல்லை. அட்வான்ஸ் ஒரு மாதம், அதில் காலி செய்யும்போது "மெயின்டனன்ஸ்" என்று ஒரு தொகை பிடிப்பார்கள், ஏசி ரூம் என்றால் கரண்ட் தனி, பெரும்பாலும் மதியச் சாப்பாடு கிடையாது, அதற்கு மேல் காலேஜ் பஸ் கட்டணம். பன்னிரண்டு மாதத்துக்கு உட்கார்ந்து கூட்டிப் பாருங்கள். என் கருத்து, முதல் வருடம் எப்படியாவது கல்லூரி ஹாஸ்டல். இரண்டாம் வருடம் அவளுக்கே நாலு ஃப்ரெண்ட்ஸ் கிடைத்து, ஊர் பழகியிருக்கும், அப்போது பிஜி வேண்டுமா என்று அவளே சொல்வாள். அவளிடமும் கேளுங்கள் பிரதர், இதுவரை அம்மா சொன்னதும் நீங்கள் சொன்னதும்தான் இங்கே வந்திருக்கிறது.

பல்லாவரம்_அப்பா

எல்லோரும் ஹாஸ்டல், பிஜி என்று இரண்டை மட்டும் சொல்கிறீர்கள். அரசு விடுதியை ஏன் யாரும் சொல்லவில்லை? பிசி, எம்பிசி, ஆதிதிராவிடர் மாணவர்களுக்குச் சென்னையில் கல்லூரி விடுதிகள் இருக்கின்றன, தங்கலும் சாப்பாடும் இலவசம். 2025இல் இவற்றுக்குச் சமூக நீதி விடுதிகள் என்று பெயர் வைத்தார்கள். வீட்டுக்கும் கல்லூரிக்கும் குறைந்தபட்சத் தூரம் இருக்க வேண்டும் என்ற விதி பெண்களுக்குக் கிடையாது, உங்களுக்கு அது தேவையும் இல்லை. வருமான உச்சவரம்பு உண்டு, அதனால் வருமானச் சான்றிதழ் எடுத்து வையுங்கள். சென்னை கலெக்டர் அலுவலகத்தில் பிற்படுத்தப்பட்டோர் நல அலுவலகம் இருக்கிறது, சிங்காரவேலர் மாளிகை, ராஜாஜி சாலை, பீச் ஸ்டேஷனில் இறங்கினால் நடந்துவிடலாம். கல்லூரி செங்கல்பட்டு மாவட்ட எல்லைக்குள் இருந்தால் அங்கே போக வேண்டியிருக்கும், ஓஎம்ஆரில் அந்த எல்லைக் குழப்பம் எப்போதும் உண்டு, முதலில் கல்லூரி எந்தத் தாலுகா என்று பாருங்கள். இடம் கிடைக்கும் என்று நான் சத்தியம் செய்யவில்லை, ஓஎம்ஆருக்குப் பக்கத்தில் கிடைப்பது இன்னும் கடினம். ஆனால் விண்ணப்பம் போடாமல் விட்டுவிடாதீர்கள்.

அம்பத்தூர்_அண்ணன்

தங்கையிடம் கேட்டேன். கல்லூரி ஹாஸ்டல்தான் வேண்டும் என்கிறாள், மேலே எழுதிய இரண்டு கல்லூரியும் கோயம்புத்தூர் பக்கம், அதற்குப் போக மனமில்லை, நீ இருக்கிற ஊரே போதும் என்கிறாள். அதனால் அக்செப்ட் அண்ட் ஜாயின் கொடுத்துவிட்டோம். ஹாஸ்டல் பணத்துக்கு நான் மாதாமாதம் கட்டிவரும் ஏலச் சீட்டை இந்த மாதமே எடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். அரசு விடுதிக்கும் விண்ணப்பம் போடுகிறோம், கிடைத்தால் அடுத்த வருடத்துக்காவது ஆகும்.

கடைசியாக ஒன்று மட்டும். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் என்கிறார்களே, அதுவும் உதவி பெறும் பள்ளிக்குக் கிடையாதா? கிடைத்தால் மெஸ்ஸுக்கு மேல் ஆகிற அவள் கைச்செலவுக்கு அதுவே போதும்.

பழைய_சூப்பிரண்டு

அது கிடைக்கும் தம்பி. 2022இல் தொடங்கும்போது அரசுப் பள்ளிப் பெண்களுக்கு மட்டும்தான் இருந்தது, 2024–25இலிருந்து உதவி பெறும் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் நீட்டித்துவிட்டார்கள். உங்கள் தங்கைக்கு அப்படியே பொருந்துகிறது. விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான் போகும், சேர்ந்த முதல் வாரத்திலேயே புதுமைப் பெண் பொறுப்பு அலுவலர் யார் என்று கேட்டுப் பெயரைக் கொடுக்கச் சொல்லுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து படித்ததற்கான சான்றைப் பள்ளியில் தமிழ் வழி என்று குறிப்பிட்டு வாங்கிக்கொண்டு வரட்டும், டிசி வாங்கப் போகும் அன்றே கேட்டால் ஒரே வேலையாக முடியும். வங்கிக் கணக்கு அவள் பெயரில் இருக்க வேண்டும், அப்பாவோடு சேர்ந்த கணக்கு வேண்டாம், ஆதார் அந்தக் கணக்கோடு இணைந்திருக்க வேண்டும். ஆதாரில் எந்தச் செல் நம்பர் இருக்கிறது என்று பாருங்கள். பல வீடுகளில் அது அப்பாவின் பழைய நம்பராக இருக்கும், ஓடிபி ஊரில் போய் விழும், பிள்ளை இங்கே கல்லூரி ஆபீஸில் நின்றுகொண்டிருக்கும். அதை அறந்தாங்கியிலேயே மாற்றிவிட்டு பஸ் ஏறச் சொல்லுங்கள்.